சுவரில் மோதியது போதும், சரிவில் உருட்டிப் பாருங்கள்

வண்டிகள் நிஜம் போலவே நெளிந்து உடையும் பீம்என்ஜி டிரைவ் என்ற விளையாட்டில் சொந்தமாக ஒரு வண்டியைச் செய்து முடித்ததும் எல்லோரும் ஓடுவது ஒரே இடத்துக்குத்தான். கிரிட்மேப் என்ற சோதனை மேப்பில் நிற்கும் கான்கிரீட் சுவர். 50 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஒரு மோது. மூக்கு மடங்கும், பானெட் கூடாரம் மாதிரி எழும்பும், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று, டேமேஜ் சரியாக வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே வண்டியை ஒரு தேயிலைச் சரிவில் தள்ளிவிடுங்கள். ஒன்று, ரப்பர் பந்து மாதிரி துள்ளிக்கொண்டே கீழே போகும். இல்லையென்றால், முதல் புரளலிலேயே கூரை வந்து சீட்டில் உட்காரும். இரண்டுமே பொய்.

சமவெளி விபத்து பெரும்பாலும் ஒரே அடி. மலை விபத்து அப்படியல்ல. பாராபெட்டில், அதாவது சாலையோரத் தடுப்புக் கல்லில், ஒன்று, டயர் ஓரத்தில் ஒன்று, கூரை மூலையில் ஒன்று, கதவில் ஒன்று என்று ஏழெட்டு அடி, ஒவ்வொன்றும் வேறு பக்கத்தில். 1,000 கிலோ வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 96 கிலோஜூல். அதே வண்டி 30 மீட்டர் உயரம் சரிந்து விழுந்தால் 294 கிலோஜூல், அதாவது மூன்று சுவர் மோதலுக்குச் சமம். இதை ஏழு அடியாகப் பிரித்தால் ஒரு அடிக்கு 40 கிலோஜூல் சொச்சம், கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர் வேக மோதல். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய அடியே இல்லை. ஆனால் ஆறாவது அடி விழும்போது வண்டியில் எது எந்த வரிசையில் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சுவர்ச் சோதனை இந்த வரிசையைக் காட்டவே காட்டாது.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 2005-இல் வந்த ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் தொடங்கி, அதன் வழியில் ஜெர்மனியின் பிரெமன் நகரத்தில் உருவான பீம்என்ஜி வரை அடிப்படை ஒன்றுதான். எடையுள்ள புள்ளி நோடு. இரண்டு நோடுகளை இணைக்கும் ஸ்பிரிங்தான் பீம். கண்ணுக்குத் தெரியும் உடல் வெறும் தோல், நோடுகள் போகிற பக்கம் அது போகும். ஒரு காரில் சில நூறு நோடும் சில ஆயிரம் பீமும் இருக்கும். விநாடிக்கு 2,000 முறை விளையாட்டு ஒவ்வொரு பீமின் விசையையும் கணக்கிட்டு நோடுகளை நகர்த்துகிறது. 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 1 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முன்கூட்டியே செய்துவைத்த 'அடிபட்ட மாடல்' எதுவும் இதில் கிடையாது. அதனால்தான் நாம் கொடுக்கும் எண்கள் தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே தெரிகிறது. இன்னொன்று, இது கம்ப்யூட்டர் விளையாட்டு. போனில் அதே பெயரைப் போட்டு வருகிற ஆப்களை இறக்கி ஏமாறாதீர்கள்.

வண்டியின் நோடு, பீம் விவரங்களை எழுதும் ஜேபீம் ஃபைலில் நாம் தொடும் முக்கிய எண்கள் ஐந்து: நோட்வெயிட், பீம்ஸ்பிரிங், பீம்டேம்ப், பீம்டிஃபார்ம், பீம்ஸ்ட்ரெங்த். எடை கிலோவில். ஸ்பிரிங், ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் வேண்டும் என்பது. டேம்ப், பீமின் ஆட்டத்தை எவ்வளவு அடக்க வேண்டும் என்பது. டிஃபார்ம், எத்தனை நியூட்டனில் பீம் நிரந்தரமாக நெளியும் என்பது. ஸ்ட்ரெங்த், எத்தனை நியூட்டனில் அறுந்துபோகும் என்பது. எழுதும்போது ஒரு வலை இருக்கிறது. ஒரு வரியில் வைத்த மதிப்பு, அதை மாற்றும்வரை கீழே உள்ள எல்லா வரிகளுக்கும் செல்லும். கதவுக் கீலுக்கு ஒரு பிரேக்குரூப் (ஒரு பீம் அறுந்தால் கூடவே அறும் பீம்களின் கூட்டம்) போட்டுவிட்டு, அடுத்த பகுதிக்கு முன் அதை வெற்று மேற்கோளால் மூட மறந்தால், கதவு கழன்ற அதே நொடியில் பின் ஆக்சிலும் கழன்று ஓடும். 'காரணமே இல்லாமல் வண்டி உதிர்கிறது' என்று வரும் புலம்பல்களில் பாதி இதுதான்.

வண்டி மேப்பில் வந்து இறங்கிய உடனே நடுங்கி வெடிப்பதும் அடிக்கடி நடப்பது. மந்திரம் எதுவும் இல்லை, கணக்குதான். விநாடிக்கு 2,000 கணக்கு என்றால் ஒரு படி 0.0005 விநாடி. இந்த முறையில் ஒரு நோடைப் பிடித்திருக்கும் மொத்த ஸ்பிரிங்கை அதன் எடையால் வகுத்தால் வரும் எண் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு படியிலும் நோடு எல்லையைக் கடந்து எகிறும், அடுத்த படியில் இன்னும் அதிகமாக எகிறும். 20 லட்சம் ஸ்பிரிங் உள்ள 12 பீம்கள் எல்லாத் திசையிலும் பரவி ஒரு நோடில் சேர்கின்றன என்று வையுங்கள். ஒரு திசைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 லட்சம். நோடு அரைக் கிலோ என்றால் சரியாக விளிம்பில் நிற்கிறது. பக்கத்து நோடும் அசையும் என்பதால் உண்மையில் விளிம்பையும் தாண்டியாயிற்று. 2 கிலோ வைத்தால் நிம்மதி.

நடுக்கத்தைப் பார்த்ததும் டேம்பை ஏற்றுவது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. அதுதான் இன்னும் வேகமாக வெடிக்க வைக்கும். 1 கிலோ நோடில் அதே 12 பீம்களுக்கும் டேம்ப் 1,000 என்று வைத்தால் ஒரு திசைக்கு 4,000. ஒரே படியில் நோடின் வேகத்தை நிறுத்துவதற்குப் பதிலாக முழுசாகத் திருப்பி அடிக்கும் அளவு அது. சேஸிஸ் பீம்களுக்கு 100-லிருந்து 150 போதும். நடுங்கினால் எடையைக் கூட்டுங்கள், அல்லது ஸ்பிரிங்கைக் குறையுங்கள். மொத்த எடை ஏறிப்போகிறதா? அப்போது நோடுகளின் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம். பம்பருக்கு 40 நோடு போட்டவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டுவார்கள்.

சரி, ரப்பர் பந்துக்கு வருவோம். சரிவில் வண்டி துள்ளுவதற்கு முதல் காரணம் டயர் இல்லை, டிஃபார்ம்தான். 80,000 நியூட்டன் டிஃபார்ம், 20 லட்சம் ஸ்பிரிங் என்று ரசிகர்கள் செய்து வெளியிடும் பல 'மாட்' வண்டிகளில் பழக்கதோஷத்தில் இருக்கும். வகுத்துப் பாருங்கள், 4 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் நீளப் பீம் ஒன்று 4 சென்டிமீட்டர் சுருங்கும்வரை ஸ்பிரிங்காகவே இருக்கும், பிறகுதான் நெளியத் தொடங்கும். நிஜ இரும்பு அதன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தாங்காமல் நெளிந்துவிடும். நெளிவதற்கு முன் அந்த ஒரு பீம் சேர்த்துவைத்த ஆற்றல் 1,600 ஜூல், அடுத்த நொடி அத்தனையையும் திருப்பிக் கொடுக்கும். டிஃபார்மைப் பாதியாக்கி 40,000 வைத்தால் திரும்பி வருவது 400 ஜூல்தான், கால் பங்கு. சுவர் மோதலில் வண்டி இரண்டடி பின்வாங்கி நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சரிவில் அதே துள்ளல்தான் அடுத்த புரளலுக்குச் சக்தி தருகிறது. மூன்றாவது புரளலில் வண்டி சில்வர் ஓக் மரத்துக்கு மேலே பறந்தால் டிஃபார்மைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் குறைத்துவிட்டால் அப்பளம். எங்கே குறைப்பது, எங்கே ஏற்றுவது என்பதற்கு முன்பக்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 96 கிலோஜூலை 60 சென்டிமீட்டர் நசுங்கலில் கரைக்க வேண்டும் என்றால் சராசரி விசை 160 கிலோநியூட்டன், வண்டி உணர்வது 16 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. முன்பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் நீளவாக்கில் 8 பீம்கள் வருகின்றன என்று வையுங்கள். முதல் அடுக்குக்கு ஒன்றுக்கு 12,000, அடுத்த அடுக்குக்கு 20,000, அதற்கடுத்ததற்கு 28,000. சராசரி போட்டால் 160 கிலோநியூட்டன் வரும். கேபினுக்கு 60,000-க்குக் குறையாமல் வையுங்கள். இப்போது நசுங்கல் மூக்கிலிருந்து வரிசையாகப் பின்னால் வரும். எல்லா அடுக்கிலும் ஒரே எண் போட்டால், எந்த அடுக்கு முதலில் மடங்கும் என்பது நம் கையில் இருக்காது. மூலைவிட்டப் பீம்களும் இதே விசையில் பங்கு எடுப்பதால் மேலே சொன்ன எண்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றுவது நல்லது.

மூலைவிட்டம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பீம் இழுக்கும், தள்ளும். முனையில் அது வளைவைத் தடுக்காது, கீல் மாதிரிதான். நாலு நோடு, நாலு பீமில் கட்டிய சதுரம் கயிற்றுக் கட்டில் கால் மாதிரி சாய்ந்துவிடும். எட்டு நோடுள்ள ஒரு பெட்டி நிற்கக் குறைந்தபட்சம் 18 பீம் வேண்டும்: 12 விளிம்பு, முகத்துக்கு ஒன்றாக 6 மூலைவிட்டம். எல்லா நோடையும் எல்லா நோடோடும் இணைத்தால் 28. அந்த 28-ஐயும் போட்டுவிட்டால் பெட்டி கல் மாதிரி ஆகும், மடியவே மடியாது. கேபின் தரைக்கு அது சரி, முன்பக்கத்துக்கு ஆகாது. பானெட், கூரைத் தகடு மாதிரித் தட்டையாக இருப்பதில் இன்னொரு சிக்கல். எல்லா நோடும் ஒரே தளத்தில் இருந்தால், அதற்குள் எத்தனை பீம் போட்டாலும் மேலும் கீழும் துணி மாதிரி அலையும். தகட்டுக்குக் கீழே 15, 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு நோடை வைத்து அதிலிருந்து குடைக்கம்பி மாதிரித் தகட்டு நோடுகளுக்குப் பீம் இழுக்க வேண்டும். மாடர்கள் இதை ரிஜிடிஃபையர் என்பார்கள். அதன் டிஃபார்மைத் தகட்டைவிடக் குறைவாக வைத்தால் பானெட் நடுவில் அழகாகக் கூனும்.

புரளும் வண்டிக்கு உயிர்நாடி கூரைத் தூண்கள். தூணை ஒற்றை வரிசை நோடாகச் செய்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வரிசையாக முனைக்கு முனை கோத்த பீம்கள் சங்கிலிதானே? தலையில் பாரம் விழுந்ததும் முட்டி மடங்கும். தூணுக்கு உள்பக்கம் இரண்டாவது வரிசை போட்டு முக்கோணமாக்க வேண்டும், அல்லது தூணின் நடு நோடிலிருந்து எதிர்ப்பக்கத் தூணுக்கும் தரைக்கும் பீம் கொடுக்க வேண்டும். முன் கண்ணாடிக்கும் இதில் வேலை உண்டு. ஒட்டப்பட்ட கண்ணாடி இருக்கும்வரை கூரையை அதுவும் தாங்கும், உடைந்த பிறகு தாங்காது. அதனால் கண்ணாடிக்குக் குறுக்கே போகும் மூலைவிட்டப் பீம்களைக் கண்ணாடியின் பிரேக்குரூப்பிலேயே சேர்த்துவிடுங்கள். முதல் புரளலில் கண்ணாடி போகும், இரண்டாவதில் கூரை ஒரு பக்கமாகச் சாயும், மூன்றாவதில் இன்னும் இறங்கும். நான் மேலே வரிசை என்று சொன்னது இதைத்தான்.

கூரைக்கு எவ்வளவு வலு என்று ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்க விதி ஒன்று இருக்கிறது: கூரையின் ஒரு பக்கத்தில் வண்டியின் எடையைப் போல மூன்று மடங்கு விசை கொடுத்தாலும் 127 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. 1,000 கிலோ வண்டிக்கு 30 கிலோநியூட்டன். விளையாட்டில் இதைச் சோதிக்க எளிய வழி, வண்டியை எஃப்11 அழுத்தி வரும் எடிட்டரில் தலைகீழாகத் திருப்பி, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி வைத்து, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் விடுவது. 13 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் சராசரி விசை 33 கிலோநியூட்டன் வாக்கில் வரும். அதற்கு மேல் இறங்கினால் தூண் வலுவில்லை. இறங்கவே இல்லை, துள்ளியது என்றால் தூணின் டிஃபார்ம் அதிகம். ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிச் சேமித்து கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் வண்டி புதிதாக ஏறும், விளையாட்டையே மூடித் திறக்க வேண்டாம். உங்கள் ஃபைல்கள் 'மாட்ஸ்' ஃபோல்டருக்குள் 'அன்பேக்டு' என்பதில் இருக்க வேண்டும். ஜிப்புக்குள் வைத்துக்கொண்டு திருத்துவது வேண்டாத வேலை.

பல அடி வாங்கிய வண்டியில் மட்டும் தெரியும் கோளாறு ஒன்று, முள் முளைப்பது. ஃபெண்டரிலிருந்து ஒரு நோடு இரண்டு மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், தோல் அதன் பின்னால் சூயிங்கம் மாதிரி இழுபடும். காரணம், பீம் நெளிந்து நெளிந்து நீண்டுகொண்டே போகிறது, அறுந்துபோகவில்லை. டிஃபார்ம்லிமிட்எக்ஸ்பான்ஷன் 1.2 என்று வைத்தால் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமாக நீளாது, அதற்கு மேல் இழுத்தால் ஸ்ட்ரெங்த் எல்லையைத் தொட்டு அறுந்துவிடும். கழன்ற கதவு கேபினுக்குள் புகுந்துகொள்வது இன்னொரு ரகம். அதற்கு சப்போர்ட் வகைப் பீம்கள் இருக்கின்றன. தள்ளினால் மட்டும் தடுக்கும், இழுத்தால் விட்டுவிடும். கதவுக்கும் கேபினுக்கும் இடையில் நாலைந்து போட்டால் போதும்.

இனி பிக்கப். கேத்தி, ஊட்டிப் பக்கத்துக் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் வண்டிகளைப் பார்த்தவர்கள் அதைத்தான் செய்ய ஆசைப்படுவார்கள், விளையாட்டில் உள்ள கேவ்ரில் டி-சீரிஸை எடுத்துத் தொட்டியில் பாரம் ஏற்றுவார்கள். பாரத்தை வெறும் எடையாகச் சேஸிஸ் நோடுகளில் கூட்டிவிடுவதுதான் சுலபம். தப்பும் அதுதான். எடை ஏறும், உயரம் ஏறாது. டயர்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலம், ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் உயரத்தில் இருந்தால் வண்டி சாய 1 ஜி பக்கவிசை வேண்டும். டயருக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை, அதனால் வெற்று வண்டி வழுக்கும், சாயாது. பாரம் ஏறி மையம் 0.95 மீட்டருக்குப் போனால் 0.74 ஜி போதும். 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் அது மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. சஸ்பென்ஷன் சாய்வைச் சேர்த்தால் இன்னும் குறையும். வெற்று வண்டியில் பாதுகாப்பாக வழுக்கிப் போன அதே வளைவில் பாரவண்டி இரண்டு சக்கரத்தில் நிற்பது இதனால்தான்.

பாரத்தைத் தனி உடலாகச் செய்யுங்கள். மூட்டைக்கு எட்டு நோடு என்று இருபது மூட்டை செய்தால் 160 நோடு, அவை ஒன்றோடொன்று மோதும் கணக்கிலேயே சிபியு நொண்டும். மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று 27 நோடில் ஒரே கட்டி, 1,000 கிலோ பாரத்துக்கு நோடு 37 கிலோ. ஸ்பிரிங் 3 லட்சம், டிஃபார்ம் 4,000 வாக்கில். கனமான நோடு என்பதால் இங்கே மட்டும் டேம்பைத் தாராளமாக வைக்கலாம். மூட்டை துள்ளாது, 'தொம்' என்று உட்காரும். கட்டும் கயிற்றுக்கு அனைசோட்ராபிக் வகைப் பீம். சுருங்கும் பக்கம் ஸ்பிரிங் பூஜ்யம், நீளும் பக்கம் மட்டும் மதிப்பு. எட்டுக் கயிறுக்கும் ஸ்ட்ரெங்த்தைக் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுத்துங்கள். ஒன்றாக அறுந்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஒரு கயிறு அறுந்து, பாரம் ஒரு பக்கம் நகர்ந்து, மற்றவை ஒவ்வொன்றாகப் போனால்தான் கண் நம்பும்.

வண்டி ஆயிற்று, மலை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. நீலகிரிக்கு என்11ஈ076 என்ற கட்டம், கொடைக்கானலுக்கு என்10ஈ077. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 30 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவே 25 மீட்டருக்குள் திரும்பிவிடும் என்றால் அந்த வளைவு தரவில் இருக்கவே இருக்காது. தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவும் வழவழப்பான ஒரே சரிவாகத்தான் வரும். இன்னொரு வேடிக்கை, அடர்ந்த காட்டில் ரேடார் தரைவரை எட்டாது, மரங்களின் மேல்பகுதியிலேயே திரும்பிவிடும். சோலைக்காடும் கற்பூர மரத் தோப்பும் இருக்கும் இடமெல்லாம் இல்லாத மேடுகளாக நிற்கும். மலையின் மொத்த வடிவத்துக்கு மட்டும் அதை நம்புங்கள். சாலையைக் கையால்தான் போட வேண்டும்.

மலையின் உயரங்களைப் படமாகச் சேமிக்கும் ஹைட்மேப் 16-பிட் பிஎன்ஜி. மொத்த உயரம் 2,048 மீட்டர் என்று கொடுத்தால் அது 65,536 படிகளாகப் பிரியும், ஒரு படி 3 சென்டிமீட்டர். கேட்கச் சின்னதுதான், ஆனால் சமமான இடத்தில் அந்த 3 சென்டிமீட்டர் படிக்கட்டாகவே நிற்கும், ஸ்டீயரிங் கடகடவென்று ஆடும். கடல் மட்டத்திலிருந்து கணக்கிடாமல், உங்கள் மேப்பின் அடிவாரத்தைப் பூஜ்யமாக்கி உச்சிவரை மட்டும் எடுத்தால் படி 2 சென்டிமீட்டருக்குக் கீழே வரும். 4,096 புள்ளி, புள்ளிக்கு 2 மீட்டர் என்றால் 8 கிலோமீட்டர் சதுரம் கிடைக்கும், மலைப்பாதைக்குத் தாராளம். ஆனால் 6 மீட்டர் சாலையின் குறுக்கே மூன்று புள்ளிதான் விழும். டெக்கால் ரோடு தரைமேல் பூசும் வண்ணம் மட்டுமே, மேடுபள்ளம் அப்படியே இருக்கும். சாலை முழுவதையும் மெஷ் ரோடாக, அதாவது தனித் தளமுள்ள சாலையாக, போட்டு, கீழே உள்ள தரையை அரை மீட்டர் இறக்கிவிடுங்கள். ஏஐ வண்டிகள் ஓட வேண்டுமென்றால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத டெக்கால் ரோடு ஒன்று கூடவே போக வேண்டும்.

பாராபெட் கற்களில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெறும் ஸ்டாட்டிக் (அசையாத) மாடலாக வைத்தால் அது மலையை விடக் கெட்டி, எந்த வண்டி மோதினாலும் அசையாது. மெல்லிய கம்பமாக இருந்தால் எதிர்மாறு. வண்டியின் நோடுகள்தான் மோதுகின்றன என்பதால், 25 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு நோடுகளுக்கு நடுவே கம்பம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிடும். கல்லையும் ஜேபீமாகச் செய்யுங்கள். 1 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் உயரக் கான்கிரீட் 576 கிலோ வரும். 12 நோடு, ஒன்றுக்கு 48 கிலோ. தரைக்குள் நாலு நோடை ஃபிக்ஸ்டு என்று நிறுத்தி, அதிலிருந்து கல்லுக்கு வரும் பீம்களுக்கு மட்டும் ஸ்ட்ரெங்த் வரம்பு. சின்ன உரசலுக்கு நிற்கும், பெரிய மோதலுக்கு அடியோடு சாய்ந்து வண்டியோடு சேர்ந்து உருளும். ஆனால் இப்படிச் செய்த ஒவ்வொரு கல்லும் விளையாட்டுக்கு ஒரு தனி 'வண்டி'. சாலை நெடுக நூறு வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். சோதிக்கும் வளைவில் ஐந்து, மற்றதெல்லாம் ஸ்டாட்டிக்.

தேயிலைச் செடி இன்னும் தொல்லை. மோதல் வைத்தால் ஒவ்வொரு செடியும் சுவர், வைக்காவிட்டால் காற்று. நிஜத்தில் செடி வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்கும். தரை வகைகளில் சேற்றுக்கு இருப்பது போல ஆழமும் திரவ அடர்த்தியும் உள்ள ஒரு கிரவுண்ட் மாடலை நகலெடுத்து, அரை மீட்டர் ஆழம் கொடுத்து, தேயிலை வரிசைகளுக்கு அதைப் பூசிவிட்டால் அந்த இழுவை ஓரளவு வந்துவிடுகிறது. செடி மாடல்களுக்கு மோதலே வேண்டாம். பனிமூட்டம் கண்ணுக்கு மட்டும்தான், பிடிப்பை அது குறைக்காது. ஈரச்சாலை வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் ஈரத் தார் வகையைப் பூச வேண்டும்.

சிபியு பற்றி ஒரு வார்த்தை. ஒரு படிக்குக் கிடைப்பது அரை மில்லிவிநாடி. அதற்குள் முடியவில்லை என்றால் படம் வெட்டாது, நேரமே மெதுவாகும், வண்டிகள் தண்ணீருக்குள் மோதுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வண்டியும் ஒரு தனி கோரில் ஓடுவதால் கோர் எண்ணிக்கையைத் தாண்டி வண்டி இறக்கினால் இதுதான் நடக்கும். ஊட்டிக் குளிரில் லேப்டாப் சூடாகாது என்று மிதப்பில் இருக்காதீர்கள். 2,200 மீட்டரில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு நீர்த்துப்போயிருக்கும், அதே ஃபேன் அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் தள்ளும். குளிர் கொடுப்பதில் ஒரு பங்கை உயரம் பிடுங்கிக்கொள்கிறது.

கடைசியாக பிரேக். 1,000 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கரைய வேண்டியது 98 லட்சம் ஜூல். முதலில் சொன்ன சுவர் மோதல் நூறு! நாலு டிஸ்க்கும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்றால், காற்று குளிர்விக்காத பட்சத்தில் 1,000 டிகிரி ஏறும் சூடு. அதனால்தான் மலையில் எல்லாரும் 'செகண்ட் கியர்ல இறக்கு' என்று கத்துகிறார்கள். உங்கள் ஜேபீமில் பிரேக் தெர்மல்ஸ் என்ற சுவிட்ச் அணைந்திருந்தால் இது எதுவும் நடக்காது, டாப் கியரில் கடைசிவரை பிரேக்கை மிதித்துக்கொண்டே மசினகுடி சேர்ந்துவிடலாம். அதை ட்ரூ என்று வைத்து, பிரேக்மாஸ், பிரேக்டயாமீட்டர் இரண்டையும் நிஜ அளவில் கொடுங்கள். மாஸை 1 என்று விட்டுவிட்டால் மூன்றாவது வளைவிலேயே பிரேக் போகும், 50 என்று போட்டால் எப்போதும் போகாது. முன் டிஸ்க்குக்கு 6 கிலோ, பின்னால் டிரம் என்றால் வகையை டிரம் என்றே எழுதுங்கள், அது மெதுவாகத்தான் ஆறும். திரையில் வெப்பநிலை காட்டும் ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, டாப் கியரில் ஒருமுறை, செகண்டில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். டாப் கியரில் எந்த வளைவில் பெடல் வெறுமையாகிறதோ, அந்த வளைவில்தான் ஐந்து ஜேபீம் கற்களையும் வைக்க வேண்டும்.